நான்காவது பாட்டின் டிரம்மரைத் தேடி: பொன்னமராவதி முதல் ஜெகதாப்பட்டினம் வரை, மறுபடியும் அறந்தாங்கி

ஈமத்தாழி என்ற பேண்டை நம் மாவட்டத்தில் பத்துப் பேர் கேட்டிருந்தால் அதிகம். புரோகிரசிவ் டெத் மெட்டல், அதாவது உறுமலும் இடியுமான ராக். வந்திருப்பது ஒரே ஆல்பம், ‘வற்றிய கண்மாய்’, ஆறு பாட்டு. அதைப் பற்றி இங்கே மூன்று பாகம் எழுதித் தள்ளியவன் நான் (யாரும் கேட்கவில்லை). நான்காவது பாட்டு தொடங்குமுன் ஒருவர் மெல்லிய குரலில் “லாபம், ரெண்டு, மூணு” என்று ஏழு வரை எண்ணுவார். உடனே ஏழு தட்டில் டிரம்ஸ் இடிந்து விழும் (எண்ணித் தொடங்குவது டிரம்மரின் வேலை). சிடி அட்டையில் ‘டிரம்ஸ்: தினேஷ்’ என்றிருந்ததால், தினேஷைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தேன்.

அதன் கீழே வீரமணி என்பவர் எழுதினார்: “அடிச்சது தினேஷ் இல்ல, நான்.” நான் விட்டேனா? “ஆதாரம் இருக்கா பாஸ்?” என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன். போன வெள்ளிக்கிழமை, பேண்டின் பாடகர் கார்மேகம் போனில் பிடித்துக் குதறிவிட்டார்.

“ஏப்பா, நீ போட்ட பொம்மைய வீரமணி பொண்டாட்டி பாத்துருச்சு. இப்புடித்தான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியிறீகளான்னு கேட்டுச்சாம். மூணு நாளாப் பேச்சில்ல. திங்கக்கெழம அவரு குவைத்துக்குக் கெளம்புறாரு. நாளைக்கு எங்கிட்ட வாரேன்னுருக்காரு. நீயும் ஜெகதாப்பட்டினம் வந்து, எழுதுனது தப்புன்னு சொல்லு.”

சனிக்கிழமை காலை 6.10க்குப் பொன்னமராவதியில் ஏறினேன். புதுக்கோட்டை 40 கிலோமீட்டர், 35 ரூபாய், 7.40க்கு இறங்கியாயிற்று. அறந்தாங்கிக்கு 30 ரூபாய், 9.05. இதுவரை பிரச்சினையில்லை. ஜெகதாப்பட்டினம் பஸ் 9.20க்கு என்றார்கள். பத்து மணிக்கும் டிரைவரைக் காணோம்.

“எப்பண்ணே எடுப்பீங்க?” என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

“ஆளு ஏறுனா எடுப்போம்.”

“நான் ஏறிட்டேனே.”

“ஒனக்கா? இந்த முடிக்கு ரெண்டு டிக்கெட்டுல்ல போடணும்.”

பஸ்ஸே சிரித்தது. 10.15க்குக் கிளம்பி 11.50க்குப் போய்ச் சேர்ந்தோம். 38 ரூபாய்.

கார்மேகம் வேலை பார்ப்பது துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில். ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்துக்கொண்டே, ஆல்பத்தில் உறுமும் அதே குரலில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மெய்சிலிர்த்தது. அது ஒரு நிமிடம்தான்.

“வீரமணியா? இப்பத்தானே கெளம்புனாரு. வீடு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ரெண்டாவது தெரு.”

எழுபது நிமிடம் நான் உட்கார்ந்திருந்த அதே பஸ் ஸ்டாண்டு! “போன்ல சொல்லியிருக்கலாமேண்ணே!”

“நீ கேட்டியா?”

பிறகுதான் கதை வந்தது. வீரமணி லீவில் வந்திருந்தபோது டிரம்ஸ் ரெக்கார்டு செய்திருக்கிறார்கள். ஆடி மாதம், கல்யாண மண்டபம் சும்மாதானே கிடக்கும்? அங்கே. (எந்த சாஃப்ட்வேர் எதிரொலி என்று நாங்கள் ஆன்லைனில் அடித்துக்கொண்டது இதற்குத்தான்.) அவர் குவைத் திரும்பினார். பேஸ் கிடார்காரர் அரசாங்க வேலை கிடைத்துப் போனார். மேடைக்கு ஆள் வேண்டுமே என்று தினேஷைச் சேர்த்தார்கள்.

“சரி, அட்டையில வீரமணி பேர ஏன் எடுத்தீங்க?”

“அவருக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்த நேரம். மண்டை ஓட்டு அட்டையில எம்பேரு இருந்தா எவன் பொண்ணு குடுப்பான், எடுத்துருன்னு சொன்னது அவரு. ஏன் எடுத்தேன்னு இன்னைக்கு வந்து சண்டை போட்டதும் அவரு. நான் ஐஸப் பாக்குறதா, பேண்டப் பாக்குறதா?”

அடுத்த பஸ் 1.10க்கு. மறுபடி 38 ரூபாய். 2.45க்கு அறந்தாங்கியில் அந்த இரண்டாவது தெரு. கதவு திறந்திருந்தது. கூடத்தில் பெட்டி விரிந்து கிடந்தது. வீரமணியின் மனைவி செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு பொடிப் பொட்டலங்களை நீட்ட, அவர் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“லாபம், ரெண்டு, மூணு…”

வாசலிலேயே நின்றுவிட்டேன். நெல் அளப்பவர்கள் ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் குரல்! இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

நான் யாரென்று சொன்னதும் செல்விக்குக் கோபம் வந்தது. “பொம்மை போட்ட ஆளு நீங்கதானா? இவுக சொன்னது பொய்யின்னு நீங்களே எழுதிட்டு இப்ப எதுக்கு வந்தீங்க?”

செல்வியிடம் ஹெட்போனை நீட்டி நான்காவது பாட்டைப் போட்டேன். அவர் கண் விரிந்தது. பத்தாவது நொடியில் கழற்றி எறிந்தார்.

“ஆத்தாடி! எண்ணுறது இவுகதான். அதுக்கப்பறம் வயித்துவலிக்காரன் மாதிரிக் கத்துறது யாரு?”

“கார்மேகம்” என்றேன்.

“அந்த எண்ணுறத வெட்டச் சொன்னேனேய்யா!” என்று தலையில் கைவைத்தார் வீரமணி. குவைத்தில் தான் ஓட்டும் கிரேனின் கேபினில் போன் ஸ்பீக்கரிலேயே கேட்டதால், அது ஆல்பத்தில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஆதாரம் இருக்கா என்று கேட்ட எனக்கும்தான் அதுவே ஆதாரம் என்று தெரியவில்லை.

“சரி, அட்டையில ஏன் பேரு இல்ல?” என்றார் செல்வி. வீரமணி பெட்டிக்குள் பார்த்தார். நான்தான் சொன்னேன். செல்வி சிரித்துவிட்டார். நான்கு நாளில் முதல் சிரிப்பாம்.

“மண்டை ஓட்டுக்குப் பயந்தவளா இருந்தா ஒங்களக் கட்டியிருப்பேனா?”

என் சிடியை வாங்கி, தினேஷின் பெயருக்கு மேலே பேனாவால் எழுதினார் வீரமணி. எட்டிப் பார்த்த செல்வி, “இனிஷியல் எங்க? அதையும் போடுங்க” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜெகதாப்பட்டினத்துக்குக் காலை பஸ்ஸை நம்பாதீர்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள், கிளம்புமுன் யார் எங்கே இருக்கிறார்கள் என்று இரண்டு தடவை கேளுங்கள். அடுத்த ஆல்பம் எப்போது என்று கார்மேகத்திடம் கேட்காதீர்கள். வீரமணியின் லீவு ஆடியில் விழ வேண்டும், மண்டபம் காலியாக இருக்க வேண்டும், அதுவரை பேண்டில் ஆள் மிஞ்ச வேண்டும்.

என் மூன்று பாகத்தையும் திருத்திவிட்டேன். பொம்மையை அழித்துவிட்டேன். நான்காவது பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். இடி விழுவதற்கு முன்னால் ஒருவர் ‘லாபம்’ என்கிறார். அவர் பெயர் க. வீரமணி.