உள்ளிருந்தும் சாவி கேட்கும் பூட்டு

எந்தக் கதவைக் கடந்தாலும் ரஸ் தோமசெக் அதன் கைப்பிடியை ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் போவார். தபால் நிலையத்தின் பின்கதவு, சர்ச்சின் பக்கவாட்டுக் கதவு, பல் வைத்தியரின் கழிப்பறைக் கதவு, எதுவானாலும் சரி. உள்ளே ஆள் இருந்து சத்தம் போட்டால், "மன்னிச்சுக்கணும், தொழில் புத்தி" என்று நகர்ந்துவிடுவார். ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு அவர் ஒருவர்தான் பூட்டுக்காரர். அறுபதைத் தாண்டிய உடம்பு. ஆனால் ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. நின்றாலும் கால்சட்டைப் பையில் சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டே இருக்கும். அவர் மனைவி கோனி இருந்தவரை, பிரசங்கம் நடக்கும்போது அந்தப் பைக்குள் தன் கையை விட்டுச் சாவிகளைப் பொத்திப் பிடித்துக்கொள்வார். இப்போது பொத்திப் பிடிக்க ஆளில்லை. பாதிரியாரும் பழகிக்கொண்டுவிட்டார்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்தைய அக்டோபர் மாதம், ரஸ்ஸுக்குச் சாப்பிட நேரமிருக்காது. யானைச் சின்னக் கட்சிக்காரர்கள், கோழி வெட்டும் ஆலைக்கு வேலைக்கு வந்திருக்கும் குவாத்தமாலாக்காரர்களை நினைத்துப் பூட்டு மாற்றுவார்கள். எதிர்த்தரப்பான கழுதைச் சின்னக் கட்சிக்காரர்கள் யானைக் கட்சிக்காரர்களை நினைத்து மாற்றுவார்கள். பள்ளிக்கூடத்து நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், புல்தரையில் நட்டுவைத்த தன் கட்சிப் பலகையை யாரோ பிடுங்கிப் போட்ட மறுநாளே கூப்பிட்டார். பலகையைப் பிடுங்கியவரின் வீட்டுக்கும் அதே வாரம் ரஸ் போனார். அங்கே வாசலில் சேறு படிந்த பலகையைப் பார்த்தார். பார்க்காததுபோல் வேலையை முடித்தார்.

"ரெண்டு கட்சிக்காரனும் ஒரே பூட்டத்தான் வாங்குறான்" என்பார் சீட்டு மேசையில். "அதுல ஒண்ணும் வித்தியாசம் இல்ல."

அவருக்கும் பயம் உண்டு. அதை அவர் சொல்லிக்கொள்வதில்லை. தொலைக்காட்சியில் யானைக் கட்சியின் தேர்தல் விளம்பரம் வரும்: இருட்டில் ஒரு வீடு, கதவருகே ஒரு நிழல், கண்ணாடி நொறுங்கும் சத்தம், பிறகு வரிசையாகக் கறுத்த முகங்கள். "இவர்கள் உங்கள் ஊருக்கு வருகிறார்கள்" என்று ஒரு கட்டைக் குரல். முதல் தடவை பார்த்தபோது ரஸ் சிரித்தார். அந்தக் கதவில் இருக்கும் பூட்டை அப்படியெல்லாம் தோளால் இடித்துத் திறக்கவே முடியாது, படம் எடுத்தவனுக்குப் பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று திரையைப் பார்த்துத் திட்டினார். திட்டிவிட்டு எழுந்துபோய்த் தன் வீட்டுப் பின்கதவைத் திருகிப் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை விளம்பரம் வரும்போதும் அதே திட்டு, அதே நடை. அது பொய் என்று தெரிந்துகொண்டே கதவுவரை போவதை அவரால் நிறுத்த முடியவில்லை.

பொய் மட்டும் அவருக்கு வராது. முன்னாள் படைவீரர் மன்றத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வறுத்த மீனும் சீட்டாட்டமும் உண்டு. கையில் நல்ல சீட்டு விழுந்தால் காது மடல் சிவந்துவிடும். மோசமாக விழுந்தால் பையில் சாவி குலுங்கும். கூட ஆடுகிறவர்கள் தங்கள் சீட்டைப் பார்ப்பதற்கு முன் அவர் காதைப் பார்ப்பார்கள். "இவனோட ஆடுறதும் கண்ணாடியோட ஆடுறதும் ஒண்ணுதான்" என்று அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள யாரும் முன்வருவதில்லை.

ஒரே மகள் ஜோடி கொலம்பஸ் நகரில் இருக்கிறாள். கணவன் அப்தி சோமாலியாவிலிருந்து சிறு வயதில் வந்தவன், ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறும் நோயாளிகளைக் கவனிப்பவன். அவர்கள் வீடு வாங்கியபோது ரஸ் தன் கடையில் இருந்ததிலேயே நல்ல பூட்டைக் கொண்டுபோய்த் தன் கையால் பொருத்தினார். மகளுக்கு ஒரு சாவி, மருமகனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. சனிக்கிழமை காலையில் தட்டாமல் திறந்துகொண்டு போய், சொட்டும் குழாயை முடுக்குவார், கிறீச்சிடும் கீலுக்கு எண்ணெய் விடுவார். அப்தி முதலில் திகைத்தான். பிறகு அவருக்காக இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்ட தேநீரை அடுப்பிலேயே வைத்திருக்கப் பழகினான். "மாமா, எங்க வீட்டுக்குத் திருடன் மாதிரி வர்ற ஒரே ஆளு நீங்கதான்" என்பான். ரஸ்ஸின் காது மடல் சிவக்கும். அந்தச் சாவியை அவர் கொத்தின் நடுவில், மற்றவை உரசாதபடி வைத்திருந்தார்.

ஆகஸ்டில் பேத்தி ஹனா பிறந்தாள். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோடி போனில் கேட்டுவிட்டாள்.

"அப்பா, போன ரெண்டு தடவையும் நான் கேக்கல. இந்தத் தடவ கேப்பேன். ஓட்டுப் போட்டுட்டு என்கிட்ட சொல்லணும்."

அது ரகசியம் என்றார் ரஸ். விலைவாசி, மூடிப்போன இரும்பு ஆலை, எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சொல்கிற வாக்கியத்துக்கே வந்து சேர்ந்தார்:

"அப்தி வேறம்மா. அவன யாரும் சொல்லல."

"அந்த விளம்பரத்துல வர்ற மூஞ்சியெல்லாம் பாத்தியாப்பா? அதுல எது வேற?" அவள் குரல் உயரவில்லை. "நீ யாருக்கு வேணும்னாலும் போடு. அது உன் இஷ்டம். ஆனா நாங்க வந்தா பயமா இருக்குன்னு ஓட்டுப் போட்டுட்டு, எங்க வீட்டுச் சாவிய மட்டும் பையில வெச்சிக்கிட்டுத் திரியாத. ரெண்டுல ஒண்ணு."

அதற்குப் பிறகு ரஸ் மீன் சாப்பாட்டுக்குப் போகவில்லை. வேலை இல்லாத நேரத்திலும் வேனை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார்.

அந்த நாட்களில்தான் வெர்னா ஸ்டோல்ட்ஸ் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டிய தனிக்கட்டை. ஒரு காலத்தில் ரஸ்ஸுக்குப் பள்ளியில் மதிய உணவு பரிமாறியவர். பக்கத்து வீட்டுக்குக் குவாத்தமாலாக் குடும்பம் ஒன்று குடிவந்திருந்தது. உள்ளேயிருந்து திறக்கவும் சாவி கேட்கும் பூட்டு வேண்டும் என்றார் வெர்னா. கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் திருட்டுப்பயலால் திறக்க முடியாதாம்.

"தீப்பிடிச்சா எப்படி வெளிய வருவீங்க, வெர்னாம்மா?"

"தீய நான் பாத்துக்கறேன். நீ அவனுங்களப் பாரு."

ரஸ் பொருத்தினார். சன்னல்களுக்கும் திருகாணி போட்டார். பின்கதவுக்கு முட்டுக்கொடுத்து அலமாரியைத் தள்ளி வைத்தார்.

தேர்தலன்று மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. ரஸ் வாக்குச்சாவடியை இரண்டு முறை கடந்து போய் இரண்டு முறையும் வேனை நிறுத்தாமல் வந்திருந்தார். போன் அடித்தது. வெர்னா. உள்ளிருந்து வீட்டைத் திறக்க முடியவில்லை. உட்புறச் சாவி திருடன் கையில் கிடைக்கக் கூடாதென்று எங்கேயோ ஒளித்து வைத்தாராம். எங்கே என்று இப்போது நினைவில்லை. சர்க்கரை டப்பா, பைபிள், செருப்பு என்று எல்லாவற்றையும் கவிழ்த்தாகிவிட்டது. ஓட்டுப் போட வேண்டும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவர் குரலில்.

ரஸ் போனபோது வாசற்படியில் ஓர் ஆள் மழையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு எஸ்தேபான். ஆலைக்குப் போட்டுப்போகும் ரப்பர் பூட்ஸ் காலில் இருந்தது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெர்னா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கத்துவது கேட்டு வந்தாராம் எஸ்தேபான். கதவைத் திறக்க வழியில்லை, விட்டுப் போகவும் மனசில்லை. அதனால் கண்ணாடி வழியே பேசிக்கொண்டிருந்தார்கள். வெர்னா தொட்டியில் வளர்க்கும் ஜெரேனியம் செடியை உறைபனி வருவதற்கு முன் எப்போது உள்ளே எடுக்க வேண்டும் என்று எஸ்தேபான் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

"அம்மா ரொம்ப பயந்துட்டாங்க" என்றார் ரஸ்ஸிடம், ரகசியம்போல. "பேசிக்கிட்டு இருந்தா பயம் தெரியாது."

தான் போட்ட பூட்டைத் தானே துளையிட்டு எடுக்க ரஸ்ஸுக்கு வெகுநேரம் ஆனது, நல்ல பூட்டு. கதவு திறந்ததும் வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். படி வழுக்கியது. எஸ்தேபான் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். "நல்லா இருப்பா" என்று அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார். வேனில் ஏறி உட்கார்ந்து, சன்னல் வழியே ஒரு கையால் அவருக்கு டாட்டா காட்டினார். மறு கை, பழக்கத்தில், கதவின் பூட்டைக் கீழே அழுத்தியது.

தெருமுனை திரும்பியதும் சொன்னார்: "தங்கமான மனுஷன். ஆனா அவனுங்க எல்லாரும் இவன மாதிரி இல்லையே, ரஸ். இவன் வேற."

ரஸ் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். மழைத் துடைப்பான் போய்ப் போய் வந்தது.

வாக்குச்சாவடி சர்ச்சின் கீழ்க்கூடத்தில். வெர்னா சட்டென்று போட்டுவிட்டு, எப்போதும் போடுகிற பக்கமே போட்டதாக வாசலில் நின்றவர்களிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு வேனுக்குத் திரும்பினார். ரஸ் தடுப்புக்குப் பின்னால் நின்றார். வாக்குச்சீட்டின் முதல் வரியிலேயே இரண்டு பெயர்கள், பக்கத்தில் பேனாவால் நிரப்ப இரண்டு காலி முட்டைவட்டங்கள். எஸ்தேபானின் நனைந்த முதுகு கண்முன் வந்தது. அப்தியின் இஞ்சித் தேநீர் வந்தது. ஹனாவின் உள்ளங்கை வந்தது. பிறகு, யாரும் அழைக்காமலே, இருட்டில் அந்த வீடு, கதவருகே அந்த நிழல். பையில் சாவி குலுங்க ஆரம்பித்தது. பக்கத்துத் தடுப்பிலிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

வெளியே வந்தபோது, வாக்களித்தவர்களுக்குத் தரும் ஸ்டிக்கரை அவர் சட்டையில் ஒட்டப் போனார் ஒரு பெண். ரஸ் அதைக் கையில் வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கூடத்தின் கதவைத் தாண்டும்போது கைப்பிடியைத் திருகிப் பார்க்க மறந்து போனார்.

வேன் உள்ளிருந்து பூட்டியிருந்தது. வெர்னா எட்டித் திறந்துவிட்டார். கோட்டின் மார்பில் ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. ரஸ் உட்காரவும் போன் அடித்தது. திரையில் ஜோடியின் பெயர், கூடவே ஹனாவின் படம்.

"எடுக்கலையாப்பா?" என்றார் வெர்னா. "அடிச்சிக்கிட்டே இருக்கே."

ரஸ் சாவிக்கொத்தை வெளியே எடுத்து மடியில் வைத்தார். வளையத்தின் வாயைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து பிடித்து, நடுவிலிருந்த மகள் வீட்டுப் பித்தளைச் சாவியை மெல்லச் சுற்றிச் சுற்றிக் கழற்றினார். அதை வேனின் முன்கண்ணாடியோரம் தனியாக வைத்தார். அப்புறம்தான் போனை எடுத்தார்.