ஒரு கழித்தல் குறி

படிப்பு முடித்த பிறகு எட்டு மாதம், பெங்களூர் அடுகோடியில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துதான் வேலை தேடினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.சி.ஏ. வரை வந்தவள். சாஃப்ட்வேர் கம்பெனி வேலையைத் தவிர வேறெதையும் நான் வேலையாக நினைத்ததில்லை.

அப்பா பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் ஹெல்பர். "பொண்ணு சும்மாத்தானே இருக்கு, ஒண்ணாந்தேதியிலேர்ந்து பில் போட வரச் சொல்லு" என்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்குள் எனக்கு வேலை கிடைக்காவிட்டால் அந்த மேசையில் போய் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவானது. நடுவில் ஐந்து வாரம் இருந்தது.

சென்டரில் அரைமணி நேரம்தான் உட்காருவேன். ஐந்தாறு வேலைத் தளங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் அதே சொற்களை அடித்தால், நேற்றுப் பார்த்த விளம்பரங்களே மறுபடி வரும். அப்போதுதான் தளங்களின் ஓரத்தில் இருந்த ஆரஞ்சு நிறப் பொத்தான் எதற்கென்று தெரிந்துகொண்டேன். ஃபீட். என்ன வேலை, எந்த ஊர் என்று ஒருமுறை தேடி, அந்தத் தேடலின் ஃபீடை ரீடர் என்ற இன்னொரு பக்கத்தில் சேர்த்துவிட்டால் போதும். எந்தத் தளத்தில் வந்தாலும் புது விளம்பரம் மட்டும் ஒரே பட்டியலில் வந்து விழும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள விளம்பரங்கள் வராது.

நான் அந்தக் குறியை 'வாக்-இன்' என்ற சொல்லுக்கு முன்னால் போட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. வாக்-இன் என்றால் அழைப்பில்லாமல் யாரும் நேரே போகலாம்; ஒருமுறை அப்படி ஒரு நேர்முகத்துக்குப் போய் ஓசூர் ரோட்டில் வெயிலில் வரிசையில் நின்றேன். கேட் திறக்கவேயில்லை. செக்யூரிட்டி கம்பி இடுக்கு வழியாக ரெஸ்யூமை வாங்கி அட்டைப் பெட்டியில் போட்டார். அந்த வழியாக ஸ்கூட்டரில் போன பட்டறை ஃபிட்டர் வண்டியை மெதுவாக்கி, "என்னம்மா, இங்க மண்ணெண்ணெய் ஊத்துறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வரிசை முழுக்கச் சிரித்தது.

என்னோடு படித்தவள் அடுத்த தெருவில் இருந்தாள். "எனக்கும் அத போட்டுக் குடுடி" என்றாள். அவளுக்கும் அதே சொற்களை அடித்தேன். கழித்தல் குறியை மட்டும் போடவில்லை. மறக்கவில்லை. இவள் நிற்பாள், இவளுக்கென்ன என்று நினைத்தேன்.

தினமும் சாயங்காலம் கை கழுவிக்கொண்டே அப்பா கேட்பார்: "இன்னிக்கு லிஸ்ட்ல என்னம்மா வந்துச்சு?"

"ஒண்ணும் வரலப்பா."

அது பொய்யில்லை. என் பட்டியல் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

நான்காவது வாரம் அவள் பேடா டப்பாவோடு வந்தாள். தொம்மலூரில் ஒரு கம்பெனியில் வேலை. "நீ போட்டுக் குடுத்த லிஸ்ட்லதான்டி வந்துச்சு. வாக்-இன். உனக்கும் வந்திருக்கும்னு க்யூ பூரா தேடினேன். ஏன்டி வரல?"

"ஜுரம்" என்றேன். பேடாவைச் சாப்பிட்டேன். இனிப்பு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்து, வராததால் எழுந்துபோய் டப்பாவை அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் சென்டரில் அந்தக் குறியை எடுத்துவிட்டுத் தேடினேன். பட்டியல் இரண்டு பக்கத்துக்கு வந்தது. பாதிக்கு மேல் தேதி முடிந்துபோனவை. ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைக்காரர் "ஆயித்தா மேடம்?" என்று, முடிந்ததா என்று கன்னடத்தில் கேட்டபோதுதான் அரைமணி முடிந்தது தெரிந்தது.

அன்று அப்பா கேட்டபோது, "சனிக்கிழமை ஒண்ணு இருக்குப்பா. க்யூவுல நிக்கணும்" என்றேன்.

"நிக்கறதுதானே? நான் நிக்காத க்யூவா?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "வெள்ளனவே நான் போய் எடம் புடிச்சு வெக்கறேன். நீ மெதுவா வா."

"வேணாம்பா" என்று உடனே சொன்னேன். கிரீஸ் கறை படிந்த காக்கிச் சட்டையோடு அவர் அந்த வரிசையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கூச்சம்கூட வரவில்லை. அப்பாவால் போர்டு படிக்க முடியாது என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

"பெட்ரோல் பங்க்குக்கு எதிர்ல, நீலக் கண்ணாடிக் கட்டடம். ரெண்டாவது கேட்" என்றேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு நான் போனபோது அவர் மூன்றாவது ஆளாக நின்றிருந்தார். பின்னால் நின்ற பையன், "அங்கிள், நீங்க ஜாவாவா, டாட் நெட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் லேத்துப்பா. என் பொண்ணு வருது" என்றார் அப்பா.

அவர் விலக, நான் அந்த இடத்தில் நின்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்றாம் தேதி பில் மேசையில் உட்கார்ந்தேன். சனிக்கிழமைகளில் லேட்டாக வருவேன் என்று முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.