கேட்டுக்கு முட்டுக்கொடுத்த கல்

குரும்பலூரில் எங்களுடையது ஓட்டு வீடு. மழை வந்தால் மூன்று இடத்தில் ஒழுகும். ஓட்டைப் பிரித்துத் தளம் போடுவதற்காகப் பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி சம்பளத்தில் மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, அந்தத் தளம் ஒரு டிஜிட்டல் பேக்காக மாறி என் கேமராவின் முதுகில் ஏறிக்கொண்டது.

அகலமான ஃபிலிம் போடுகிற பழைய கேமராவில் ஃபிலிம் டப்பாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுகிற கறுப்புப் பெட்டி அது. பெட்டியின் முகத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி. ஃபிலிமில் விழவேண்டிய படம் அதில் விழும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்து பாஸ்போர்ட் படம் எடுக்கிறவனுக்கு அது எதற்கு என்று பலரும் கேட்டார்கள். பாஸ்போர்ட் படம் வயிற்றுக்கு, இயற்கைக் காட்சிதான் என் உயிர் என்று பதில் சொன்னேன். இதைச் சொல்லும்போது தொலைவில் எங்கேயாவது பார்ப்பது என் வழக்கம்.

ஏற்கெனவே சென்னை விளம்பரப் படக்காரர் ஒருவர் கழித்துக்கட்டிய பழைய பேக் ஒன்று என்னிடம் இருந்தது. ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு கட்டினால்தான் அது வேலை செய்யும். ஞாயிற்றுக்கிழமையானால் கம்ப்யூட்டர், டிராக்டர் பேட்டரி, இன்வெர்ட்டர், மனைவி எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்படுவேன். வெயிலில் திரை தெரியாது என்பதால் அவள் கறுப்புக் குடை பிடித்தபடி நிற்பாள். மருதையாற்றங்கரையில் சாமான்களை இறக்கி வைத்தால், கரண்டு ஆபீஸ் ஆட்கள் என்று நினைத்து, "எங்க கொல்லைக்கு எப்ப சார் கனெக்‌ஷன் குடுப்பீங்க?" என்று வந்து நிற்பார்கள்.

புது பேக்குக்கு ஒயரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். ஆற்று மணலில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரியும் என்று மூன்று மாதம் புலம்பினேன். "தளம் அடுத்த வருஷம் போட்டுக்கலாம்ங்க. அதை வாங்கித் தொலைங்க. குடை புடிச்சுப் புடிச்சு எனக்குத் தோள்பட்டை போயிருச்சு" என்றாள். அலுத்துக்கொண்ட மாதிரி சொன்னாலும், எனக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுக்கிற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது.

வாங்கிய அடுத்த மாதமே ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் சந்தனம் குங்குமம் வைப்பது அவள் வேலை. கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், என் டி.வி.எஸ்., அவள் பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனா என்று எதையும் விடமாட்டாள். கேமரா பக்கம் மட்டும் வராதே என்று கத்தினேன். "தூசி பட்டாலே போச்சு. அதோட அருமை உனக்கு எங்க தெரியப்போவுது?" என்றும் சொன்னேன். அவள் பொரிகடலை கலக்கப் போய்விட்டாள்.

அருமை தெரிந்த நான் என்ன செய்தேன் என்றால், பேக்கின் மூடியைக் கழற்றினேன். மூடிய பெட்டியைச் சாமி முன்னால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். கண்ணாடியைச் சாமிப் படத்தைப் பார்க்க நிமிர்த்தி வைத்து, அதற்கு மேலே சட்டத்தில், நெற்றி என்று நானாக முடிவுசெய்த இடத்தில், ஈரச் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தேன். மணி அடித்தேன், சூடம் காட்டினேன். சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பொட்டு வழிந்து கண்ணாடிக்கு இறங்கியிருந்தது. மூளை உள்ளவன் அப்படியே விட்டிருப்பான். நான் புது வேட்டியின் முனையால் அழுத்தித் துடைத்தேன். குங்குமம் போய்விட்டது. அரிசி நீளத்துக்கு ஒரு கீறல் நின்றுவிட்டது.

நான் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு? பூத்தட்டை எடுக்கையில என் கை ஏதும் பட்டுருச்சா?"

"ம்" என்றேன்.

அந்த ஓர் எழுத்தை எப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. சொன்னதும் ஒரு நிம்மதி வந்தது, அதுதான் கேவலம். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு கேமரா இருந்த அறைக்குள் அவள் கால் வைக்கவில்லை. வெளியே நின்றே துடைப்பத்தை என்னிடம் நீட்டுவாள். அந்த ஐப்பசி முழுக்க மழை. முன்பெல்லாம் ஒழுகினால் என்னையும் என் தொழிலையும் ஒரு பிடி பிடிப்பாள். அந்த வருஷம் வாயே திறக்காமல் குண்டானும் வாளியும் கொண்டுவந்து வைத்தாள்.

கண்ணாடியை மாற்ற வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்தச் செலவுக்கு இன்னொன்றே வாங்கிவிடலாம் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். படம் கண்ணாடியில் தலைகீழாக விழும். அதனால் நெற்றிக்குக் கீழே, கண்ணாடியின் மேல் ஓரத்தில் விழுந்த கீறல் எல்லாப் படத்திலும் அடியில், நடு மத்தியில், சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றலாகத் தெரிந்தது. பிரிண்ட் போட்டு வந்த முதல் படத்திலேயே அவளும் அதைப் பார்த்துவிட்டாள். கம்ப்யூட்டரில் அழிக்கலாம்தான். ஆனால் என் படத்தில் ஒட்டு வேலையே கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றி வைத்திருந்தேன். ரகசியமாக அழித்தும் பார்த்தேன். என் கைவண்ணத்தில் தரையில் வழுக்கை விழுந்தது.

பிறகுதான் கண்டுபிடித்தேன், அந்த இடத்தில் சொரசொரப்பாக, கறுப்பாக ஏதாவது இருந்தால் தீற்றல் தெரியவில்லை. பாடாலூர்ப் பக்கம் கவலையில்லை, பாறைக்குப் பஞ்சமில்லை. காரை கிராமத்தில் மழை அரித்த செம்மண் மேடுகளுக்கு நடுவே நின்றபோது, வேண்டிய இடத்தில் ஒரு கல் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லை வீட்டிலிருந்தே எடுத்துப் போனேன். எங்கள் வாசல் தகரக் கேட்டு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்த கருங்கல் அது. உரித்த தேங்காயை விடப் பெரியது, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. டி.வி.எஸ்.ஸின் முன்னால் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு விக்கிரமங்கலம் வயல் வரப்பு, கரைவெட்டி ஏரிக்கரை என்று அதற்கு ஊரைச் சுற்றிக் காட்டினேன். இடுப்பு வலியை ஒப்பிட்டால் டிராக்டர் பேட்டரியே தேவலை.

"ஞாயித்துக்கெழமையானா கேட்டுக் கல்லைக் காணோம்ங்க. ஆடு பூந்து செம்பருத்தியை மேஞ்சிட்டுப் போயிருச்சு" என்றாள் ஒரு நாள். நானும் அவளோடு சேர்ந்து திருடனைத் திட்டினேன். அவளை விடச் சத்தமாகவே திட்டினேன்.

மறு வருஷம் பொங்கலுக்குப் பெரம்பலூர் கல்யாண மண்டபம் ஒன்றில் என் படங்களை மாட்டினார்கள். திருச்சியிலிருந்து வந்த ஓவிய ஆசிரியர் ஒருவர், "முன்னால ஒத்தைக் கல்லு, பின்னால விரிஞ்ச வெளி. இந்தத் தனிமைதான் சார் உங்க முத்திரை" என்றார். நான் மறுக்கவில்லை. தொலைவில் எங்கேயோ பார்த்தேன். பார்த்த இடத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

காரைப் படத்தின் முன்னால் நின்றாள். விக்கிரமங்கலத்துக்குப் போனாள். ஏரிப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் காரைக்கு வந்தாள். நான் பக்கத்தில் போனதும் மெதுவாகச் சொன்னாள்: "இது நம்ம கேட்டுக் கல்லுங்க."

கல்லுக்கு அடியில் தீற்றல் ஒளிந்திருந்த இடத்தை அவளே விரலால் காட்டினாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. "என் கை பட்டதுனாலதான இதையும் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நீ இல்ல. நான்தான் மூடியைத் தொறந்தேன். நான்தான் பொட்டு வச்சேன். வேட்டியால தொடச்சதும் நான்தான்."

"அன்னிக்குக் கேட்டேனே. 'ம்'னு சொன்னீங்களே."

"ம்" என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாகப் போய் டவுன் பஸ் ஏறிவிட்டாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், மூன்று மாதம் என்னோடு பேச்சு மட்டும் இல்லை. கல்லை நானே கேட்டடியில் கொண்டுபோய் வைத்தேன். நாள் முழுக்க அதைத் தாண்டித் தாண்டித்தான் போய்வர வேண்டியிருந்தது.

சித்திரையில் ஒரு பிற்பகல் கோடை மழை பிடித்துக்கொண்டது. என் மேசைக்கு நேர் மேலே ஒழுகியது. பேக்கைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஒரு குண்டான் எடுத்தா" என்று கத்தினேன். அவள் கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"கேட்டடியில கல்லு கெடக்குல்ல, அதை எடுத்து வச்சு மறைங்க" என்றாள்.

அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் என்னைத் திட்டுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. நானே போய்க் குண்டானை எடுத்து வந்து வைத்தேன்.