ஆதம்பாவா மேசன் போட்ட கோணல் தரை

என் மச்சான் ஆதம்பாவா மேசன் கோணலாக ஒரு தரை போட்டார் என்றால் மருதமுனையில் யாரும் நம்பமாட்டார்கள். முப்பத்தைந்து வருஷமாக அவர் போட்ட தரைகளில் தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும். என் அக்கா ஹாஜறா ராத்தாவைக் கட்டியவர். அவருக்குச் சீமெந்து குழைத்து, நூல் பிடித்து, ஏச்சு வாங்கியே இருபத்திரண்டு வருஷத்தைத் தள்ளியவன் நான்.

அந்தக் கோணலைக் கேட்டு வாங்கியவர் மிஹ்லார். துபாயில் ஒரு கோல்ப் கிளப்பில் பதினாலு வருஷம் புல் வெட்டியவர். ஊருக்கு வந்து வீட்டைக் கட்டி முடித்ததும், பின்வளவில் தனக்கும் ஒரு கோல்ப் தரை வேண்டும் என்றார். பெரிய மைதானம் இல்லை. சின்னப் பந்தைக் கம்பால் மெல்லத் தட்டிக் குழியில் விழுத்துவதற்கு ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். மணலை ஒரு முழம் தோண்டியெடுத்து, சல்லி போட்டு, அதன் மேல் கல்தூளைப் பரப்பி இடித்து இறுக்கி, பிளாஸ்டிக் புல்லுக் கம்பளத்தை ஒட்டவேண்டும். ஊரில் மாடு தின்னப் புல் இல்லை, இவருக்குத் தின்ன முடியாத புல். சரி, அவர் வீடு, அவர் ஆசை என்று விட்டேன். ஆனால் அவர் விரித்த படத்தைப் பார்த்ததும் மச்சானின் முகம் சுருங்கியது.

"இதுல மேடு, அதுல பள்ளம், இந்த மூலை சரிவு. பந்து வளைஞ்சி வளைஞ்சி போகணும் காக்கா," என்று மச்சானை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மிஹ்லார்.

"தரை எண்டா மட்டமா இரிக்கோணும் தம்பி."

"மட்டமா இரிந்தா விளையாட்டு இல்லயே. சுவரோரம் மட்டும் ஒரு துண்டு மட்டமா விடுங்க. நேராத் தட்டிப் பழக."

வேறு நாளாக இருந்தால் மச்சான் பூச்சுக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வேலையை விட்டு வந்திருப்பார். வராததற்குக் காரணம் பள்ளிவாசல். மேல்மாடித் தொழுகை மண்டபத்துக்கு மாபிள் கல் பதிக்கப்போகிறார்கள். அந்த வேலையைத் தன் கையால் செய்யவேண்டும் என்று மச்சான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தார். ஆனால் பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்காயர் ஹமீட் ஹாஜியார் வந்து முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "ஒங்கட கண் மங்கிப்போச்சாம் எண்டு நிருவாகத்துல கதைக்கிறாங்க. இப்ப கையில இரிக்கிற வேலய முடிங்க. வந்து பாத்துட்டுச் சொல்றன்."

கையில் இருந்த வேலையோ இந்தக் கோணல்! மட்டத்தைக் காட்டவேண்டிய நேரத்தில் மேடும் பள்ளமும் கட்டிக்கொண்டு நிற்கிறோமே!

கண் கதை பொய்யுமில்லை. ஒரு வருஷமாக எனக்குத் தெரியும். மட்டக் குழாயில் தண்ணீர் நிற்கிற இடம் அவருக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. அவர் கட்டுகிற நூல் ஒரு விரல் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். அவர் தேத்தண்ணி குடிக்கப் போனதும் நான் அளந்து திருத்திவிடுவேன். அவர் வந்து பார்த்து, "எப்பிடி நிக்கிது பாத்தியா?" என்று மீசையைத் தடவுவார். நான் வாயைப் பொத்திக்கொள்வேன்.

மிஹ்லாரின் வளவிலும் அதையே செய்தேன். ஆனால் வியாழக்கிழமை வெயிலில் பொறுமை கெட்டு, "கோணல் வேலைக்கு என்னத்துக்கு மச்சான் இவ்வளவு அளவு?" என்று கேட்டுவிட்டேன். கரண்டியை எறிந்தார். "வேல தெரியாதவனுக்கு வாய் மட்டும் நீளம். போ வீட்ட. சுவரோரத் துண்ட நானே போடுவன்."

நானும் ரோஷத்தில் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அவர் தனியாக நின்று அதைப் போட்டு முடித்தார். சனிக்கிழமை நான் போனபோது எல்லாவற்றையும் கம்பளம் மூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாஜியார் வந்தார். மேட்டையும் பள்ளத்தையும் கண்டதும், "என்ன ஆதம்பாவா, தோணி ஆடுற மாதிரி இரிக்கி?" என்றார்.

"அது கேட்டுச் செஞ்ச கோணல் ஹாஜியார். இஞ்ச வாங்க, என்ட வேலயப் பாருங்க." மச்சான் அவரைச் சுவரோரம் கூட்டிப்போனார். மிஹ்லாரிடம் கம்பை வாங்கி, குழிக்கு நேராகப் பந்தைத் தட்டினார்.

பந்து நாலடி நேராகப் போனது. பிறகு மெல்லச் சாய்ந்து சுவரில் முட்டி நின்றது.

மிஹ்லார் கைதட்டினார். "காக்கா, இது படத்துலயே இல்லயே! பாத்தா மட்டம், பந்து வளையிது. துபாய்லயும் நான் இப்பிடிக் காணல்ல!"

ஹாஜியாருக்கும் முகம் மலர்ந்தது. "கண்ணுக்குத் தெரியாத சரிவு வைக்கிற ஆளுக்குக் கண் மங்கிப்போச்சாமே! மேல்மாடி ஒங்களுக்குத்தான்."

மச்சான் இன்னொரு பந்தைத் தட்டினார். அதுவும் சுவருக்கே போனது. நான் பின்னால் நின்று அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். அல்லாஹ்வே, இந்த மனிஷன் இன்றைக்காவது வாயைத் திறக்கக்கூடாது!

"நான் வெச்ச சரிவு இல்ல ஹாஜியார்," என்றார் மச்சான். "இது மட்டம் எண்டு நினைச்சிப் போட்ட துண்டு. மேல்மாடி எனக்கு வேணா."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மத்த இடமெல்லாம் படம் மாதிரியே வந்திரிக்கி. இந்தத் துண்டுக்குத்தான் நீ வரல்ல. எத்தின நாளா திருத்துறாய்?"

"ஒரு வருஷம்."

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. "அப்பயே சொல்லியிருந்தா இந்தக் கண்ண யாருக்காவது காட்டியிருப்பன்டா," என்றார்.

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. ஹாஜியார் நிற்கிறார் என்றும் பார்க்காமல் கத்தினேன். "சொன்னா கேட்கிற ஆளா நீங்க?"

கேட்டிருக்கமாட்டார்தான். ஆனால் நான் ஒரு நாளாவது சொல்லிப் பார்க்கவில்லை.