மங்களூர் ஓட்டுக்கு நான் சொன்ன அர்த்தம்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எட்டாவது தேறி, ட்ரெயினிங் முடித்து, மாரண்டஹள்ளிக்கு மூன்று மைல் தள்ளி இருந்த ஒரு சின்ன ஊரின் போர்டு பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போயிருந்தேன். இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. அந்த ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். பூனை பாயின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வேன். பூனை எழுந்து போய்விட்டால் கொஞ்சம் கஷ்டம்.

அந்த வருஷம் சித்திரையில் ஊருக்குள் முதல் மங்களூர் ஓட்டு வீடு வந்தது. அது வரைக்கும் எல்லாம் புல் வேய்ந்த கூரை, இல்லாவிட்டால் குயவர் சூளையில் சுட்ட நாட்டு ஓடு. ஓடு வாங்கியது ஒரு விவசாயக் குடும்பம். வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் சம்சாரம் பேசுவார். நாற்பது வயசு இருக்கும். ஆனேக்கல் பக்கம் பிறந்தவர், தாய்வீட்டில் கன்னடம். ராகி வயலில் ஆள் விடுவதிலிருந்து காளை வாங்குவது வரை எல்லாம் அந்த அம்மாள் முடிவுதான்.

மொரப்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஏஜெண்ட் ஓடு விற்றார். அப்போதெல்லாம் மொரப்பூரிலிருந்து ஓசூர் வரை சின்ன ரயில் ஓடியது. அதில் மாரண்டஹள்ளிக்கு வந்து இறங்கிய ஓடுகளை வைக்கோல் பரப்பிய வண்டிகளில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்டோடு கூட ஒரு காகிதமும் வந்தது. மேலே ஒரு படகுப் படம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி, அதற்கும் கீழே எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்து.

"வாத்தியாரே, இதுல இன்னா போட்டிருக்குதுன்னு நாலு பேரு கேக்கறாப்பல படிங்க" என்றார் அந்த அம்மாள். நாலு பேர் இல்லை, நாற்பது பேர் நின்றார்கள்.

பெரிய எழுத்து எனக்குப் புரிந்தது. கேரண்டி, இருபத்தைந்து வருஷம். பொடி எழுத்தில் கண்ணை ஓட்டினேன். ஒவ்வொரு வரியிலும் தெரியாத வார்த்தை இரண்டு மூன்று நின்றுகொண்டு என்னையே பார்த்தன. அவ்வளவு பேர் முன்னால் 'தெரியவில்லை' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "இந்த ஓடு போட்ட வீடு இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒழுகாது. ஒழுகினால் கம்பெனியே வந்து சரிபண்ணிக் கொடுக்கும்."

"அவ்வளவு எழுத்துக்கு இவ்வளவுதானா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இங்கிலீஷ் அப்படித்தான். சுத்தி வளைச்சுச் சொல்லும்" என்றேன்.

அன்றைக்கு எனக்கு அந்த வீட்டில் பாயசத்தோடு சாப்பாடு. ருசியாகவே இருந்தது.

புரட்டாசியில் காற்றோடு மழை பிடித்தது. ராத்திரி முழுக்கப் பெய்து விடிந்ததும் விட்டது. நான் இரண்டாம் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். தலைமுடியெல்லாம் ஈரம்.

"ஒழுவுதுங்க வாத்தியாரே."

"எங்கேங்க?"

"எங்கே ஒழுவலைன்னு கேளுங்க, சீக்கிரமா சொல்லிப்புடுவேன். ராகி மூட்டை மேல ஒழுவுது, அடுப்பு மேல ஒழுவுது, எங்க வூட்டுக்காரர் நெஞ்சு மேல ஒழுவுது. அவரு எழுந்திரிக்காம புரண்டு படுத்துக்கிட்டாரு. கம்பெனிக்காரன் எப்ப வருவான்?"

அன்று சாயந்திரமே மாரண்டஹள்ளிக்கு நடந்து போய், தபாலாபீஸ்காரரிடம் இருந்த அகராதியைக் கெஞ்சி வாங்கிவந்தேன். அந்த அம்மாள் வீட்டிலேயே உட்கார்ந்து, ஒழுகி ஈரமாகிக் கிடந்த இடத்தை விட்டுத் தள்ளிக் காகிதத்தை வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக அர்த்தம் பார்த்தேன்.

முதலில் கிடைத்தது, ஆக்ட் ஆஃப் காட். இது சுலபம். "கடவுள் செயலால் வரும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல."

அந்த அம்மாள் யோசித்தார். "மழை யாரு செயல்?"

"கடவுள் செயல்தான்."

"அப்ப மழைக்குப் பொறுப்பில்லைங்கறான். பின்னே எதுக்கு இந்தக் கேரண்டி? வெயிலு ஒழுவாதுன்னா?"

நான் அடுத்த வரிக்குப் போனேன். "ஃபேர் வேர் அண்ட் டியர்" என்று இழுத்து வாசித்தேன்.

"வேரா? எந்த மரத்து வேரு?"

"அது இங்கிலீஷ் வேருங்க" என்று சொல்லிவிட்டு அகராதியைப் புரட்டினேன். ஃபேர் என்றால் அழகு. வேர் என்றால் உடுத்துதல். டியர் என்றால் கண்ணீர். மூன்றையும் சேர்த்து எழுதி வைத்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தும் அது மாறவில்லை. கடைசியில் மெல்லச் சொன்னேன்: "அழகாக உடுத்திக்கொண்டு கண்ணீர் விட்டால் கம்பெனி பொறுப்பல்ல."

வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் எதிரில் வாய் திறந்தார். "அது நியாயந்தானே?" என்றார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். "வாத்தியாரே, நெசமாச் சொல்லுங்க. அன்னைக்கு நாலு பேருக்கு முன்னால படிச்சீங்களே, அப்ப இதெல்லாம் தெரிஞ்சு படிச்சீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, "ஞாயித்துக்கெழமை உங்களுக்கு லீவுதானே? மொரப்பூர் போறோம். நீங்களும் வர்றீங்க" என்றார்.

அது தண்டனை என்று எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ரயில் ஏறினோம். ஒழுகிய இடத்திலிருந்து கழற்றிய மூன்று ஓடுகளை வைக்கோலில் சுற்றிக் கூடையில் வைத்து, அதை என் மடியில் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சின்ன ரயில் மேட்டில் ஏறும்போது உள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்கே மூச்சு வாங்கும். பாலக்கோடு, தர்மபுரி என்று நின்று நின்று மொரப்பூர் போய்ச் சேர்வதற்குள் என் தொடை மரத்துவிட்டது.

ஏஜெண்ட் மங்களூர்ப் பக்கத்து மனிதர். பருத்த உடம்பு, கறுப்புத் தொப்பி. சுற்றிலும் ஓடு அடுக்கி வைத்திருக்க, அவர் மட்டும் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க கொட்டாய்க்கு ஏனுங்க ஓடு போடலை?" என்பதுதான் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி.

"வாடகை இடம்மா" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

விஷயத்தைச் சொன்னோம். ஏஜெண்ட் கோபப்படவில்லை. கூடையிலிருந்து ஓட்டை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டினார். இரண்டு, வெண்கலம் மாதிரி கணீரென்றன. ஒன்று மட்டும் மண்சட்டி மாதிரி மொத்தென்றது. பிறகு மூன்றையும் நாலு கல்லின் மேல் சமமாக வைத்து, ஓரம் சுற்றிலும் களிமண்ணால் சின்ன வரப்புக் கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றினார். "காத்திருங்க. அடியில சொட்டினா கம்பெனி தப்பு. சொட்டலைன்னா கம்பெனி தப்பில்லை."

அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஓட்டின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்த நேரத்தில் நான் காகிதத்தை நீட்டி, பொடி எழுத்துக்கு அர்த்தம் கேட்டேன். ஏஜெண்ட் அதை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் முழுக்கக் கன்னடத்தில் அச்சடித்திருந்தது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அவர் கன்னடத்தில் வாசித்தார். எனக்குப் பாதி புரியவில்லை. அந்த அம்மாளுக்கோ படிக்கத்தான் தெரியாது, காதில் விழுந்தால் எல்லாம் புரிந்தது. ஒரு இடத்தில் ஏஜெண்ட் "சவகளி" என்றார். அந்த அம்மாள் ஓட்டை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தேய்மானமாம் வாத்தியாரே. கண்ணீரு இல்லையாம்."

ஏஜெண்டுக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரர் விளக்கினார். ஏஜெண்ட் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் ஓடு அடுக்கிக்கொண்டிருந்த கூலியாளும் சிரித்தான். எனக்கும் வேறு வழி இருக்கவில்லை.

அப்புறம் அவர் தமிழிலேயே நிதானமாகச் சொன்னார். கேரண்டி ஓட்டுக்கு மட்டும்தான், வீட்டுக்கு இல்லை. சூளையில் சரியாக வேகாமல் வந்த ஓட்டுக்கு வேறு ஓடு கொடுப்பார்கள். அதையும் மொரப்பூரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கழற்றுகிற கூலி, வண்டி வாடகை, நனைந்த ராகி எதுவும் அவர்கள் பொறுப்பு இல்லை. சூறாவளி, கல்மழை, குரங்கு சேர்த்தி இல்லை. மேலே ஆள் ஏறி நடந்திருந்தால் இல்லை.

"நான் ரெண்டு தரம் ஏறினேன். சுரைக்காய் பறிக்க" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அந்த அம்மாள்.

"அப்புறம், வாங்கினவர் பேருக்குத்தான் கேரண்டி" என்று ஏஜெண்ட் தொடர்ந்தார். "அவர் காலத்துக்கு அப்புறம் செல்லாது."

வீட்டுக்காரர் காகிதத்தை எட்டிப் பார்த்தார். "பேரு என்னுதுதானே? அப்ப நான் இருபத்தஞ்சு வருசம் இருந்தே ஆவணுமா?"

"இருப்பீங்க, இருப்பீங்க" என்றார் ஏஜெண்ட் தாராளமாக. அதற்கும் ஒரு கேரண்டி கொடுத்துவிடுவார் போலிருந்தது.

அதற்குள் மொத்தென்று சத்தம் கொடுத்த ஓட்டின் அடியில் ஈரம் பூத்து, ஒரு சொட்டு கட்டி, விழுந்தது. அந்த அம்மாள் கை தட்டினார். மற்ற இரண்டும் ஒரு மணி நேரம் ஆகியும் காய்ந்தே இருந்தன. ஏஜெண்ட் அடுக்கிலிருந்து ஒரு புது ஓட்டை எடுத்து, தட்டிப் பார்த்துக் கையில் கொடுத்தார்.

"மத்த ரெண்டும் நல்லா இருக்குதே, பின்னே ஏன் ஒழுவுது?"

"ஓடு போட்ட வாட்டம் எப்படி?" என்று கேட்டு, ஏஜெண்ட் உள்ளங்கையைச் சரித்துக் காட்டினார். "இப்படி இருக்கணும்."

வீட்டுக்காரர் தன் உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். அதன் மேல் ஒரு டம்ளரை வைத்திருந்தால் நின்றிருக்கும்.

"அது கூரையா, களமா?" என்றார் ஏஜெண்ட். "காத்து அடிச்சா மழைத்தண்ணி ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல மேலே ஏறுமே! யாரு சொன்னது இவ்வளவு படுக்க வைக்க?"

அந்த அம்மாள் புது ஓட்டைக் கூடையில் வைத்து வைக்கோலால் மூட ஆரம்பித்தார். கூரை போட்ட நாளில் நானும் அங்கே இருந்தேன். முகட்டை இன்னும் இரண்டு முழம் தூக்க வேண்டும் என்று தச்சர் தலையால் தண்ணீர் குடித்தார். தூக்கினால் கணக்குப் பார்த்து வாங்கிய ஓடு போதாது, தன் கணக்கு தப்பாது என்று அந்த அம்மாள் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

திரும்பி வரும்போது அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தர்மபுரி தாண்டியதும் சொன்னார்: "நீங்க தப்பாப் படிச்சீங்க. நான் தப்பாக் கட்டினேன். ஊர்ல இன்னான்னு சொல்றது?"

"கம்பெனி புது ஓடு கொடுத்ததுன்னு சொல்லலாம். அது பொய் இல்லையே" என்றேன்.

அவருக்கு அது பிடித்தது. என்மேல் இருந்த கோபம் அப்போதுதான் போயிற்று என்று நினைக்கிறேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொரிகடலை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் பேசி ஒரு கதையைக் கச்சிதமாகத் தயார் செய்துகொண்டோம். வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டு வந்தார், அல்லது அப்படித் தெரிந்தது.

மறுநாள் காலையில் நான் கிணற்றடிக்குப் போனபோது அங்கே இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்து இளித்தார்கள். "வாத்தியாரே, வேட்டி அழகா இருக்குது. அழுதுறாதீங்க" என்றான் ஒருத்தன். வாழ்நாளெல்லாம் பேசாமல் இருந்த மனிதர் விடியற்காலையில் வந்து, வாட்டத்திலிருந்து கண்ணீர் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒரு மாதம் என்னால் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. ஆனால் அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. அதற்குப் பிறகு யாராவது காகிதம் கொண்டுவந்தால், தெரியாத இடத்தில் விரலை வைத்து "இது எனக்குத் தெரியலைங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். முதல் தடவை சொன்னபோது நாக்கு புரளவில்லை. நாலாவது தடவைக்குள் சரளமாக வந்துவிட்டது.

ராகி அறுப்பு முடிந்து, மாசியில் அந்த வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள். அந்த அம்மாள் தச்சரைக் கூப்பிட்டு, முகட்டை இரண்டு முழம் தூக்கச் சொன்னார். தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "தூக்கறேன். ஒழுவினா நான் பொறுப்பு. எழுதித் தர்றேன். ஆனா எனக்கும் ஒரு காயிதம் வேணும்" என்றார்.

"உனக்கு எதுக்குக் காயிதம்?"

"வேலை முடியற வரைக்கும் நீங்க ஏணிக்குக் கிட்ட வரக்கூடாது. வாட்டத்தைப் பத்திப் பேசக்கூடாது. பேசினா என் கேரண்டி செல்லாது."

இரண்டு காகிதத்தையும் நான்தான் தமிழில் எழுதினேன். தச்சர் கைநாட்டு வைத்தார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அவரும் வைத்தார். அந்த எட்டு நாளும் அவர் பகலில் வயற்காட்டு வேலைக்குப் போய்விட்டார். கூடுதலாக வேண்டியிருந்த ஓட்டை வாங்க வீட்டுக்காரர் தனியாகவே மொரப்பூர் போய்வந்தார். அடுத்த மழைக்கு நான் அங்கே போய்ப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. வீட்டுக்காரர் கட்டிலில் மல்லாந்து படுத்து, ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.