பிரான்ஸில் போட்டுக்கொள்ள வேண்டிய காப்பர்-டி

"அங்க ஓசியில கெடைச்சா கௌரவம், இங்க ஓசியில கெடைச்சா கேவலமா? ஏன் துர்கா?"

பக்கத்து வீட்டு நிர்மலாதேவி அக்கா இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மேலே படிப்பதா வேலைக்குப் போவதா என்று தெரியாமல் புதுச்சேரியில் எங்கள் உப்பளம் பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு இருபத்து நான்கு வயது. இரண்டு பிள்ளைகள், சின்னது கைக்குழந்தை. அந்தப் பிரசவத்தில் நிறைய ரத்தம் போய்விட்டது. மூன்று வருடத்துக்கு அடுத்த பிள்ளை கூடாது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கணவர் புருஷோத்தமனுக்குத் தாத்தா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பேரன் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். அதை இங்கே சொல்ல மாட்டார். விடுப்பில் வந்தால் ஒவ்வொரு நாட்டு வைத்தியச் செலவையும் ஒப்பித்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் பிரசவம் பார்த்தால் வீட்டை விற்க வேண்டுமாம். ஜெர்மனியில் கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டால் கைக்காசு போகுமாம்.

"பிரான்ஸ்ல இருபத்தாறு வயசுக்குள்ள இருக்கற பொண்ணுங்களுக்கு அது ஃப்ரீ. விசா வரட்டும், அங்க வந்து போட்டுக்க."

"விசா வர்றதுக்குள்ள எனக்கு இருபத்தாறு தாண்டிடும். நம்ம கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயும் ஃப்ரீதாங்க."

"அங்க போயி கும்பலோட நிக்கப் போறியா? பிரெஞ்சுக்காரன் பொண்டாட்டி நிக்கற எடமா அது?"

தனியார் ஆஸ்பத்திரிக்குப் பணம் எடுக்கவும் அவருக்கு மனமில்லை. ஆணுறை வாங்க மாட்டார். மருந்துக் கடைக்காரர் கூடப் படித்தவராம், வெட்கமாம். பிள்ளை வந்துவிடுமோ என்று பயந்து, அக்கா குழந்தைகளோடு மாமியார் அறையில் படுத்தாள். "இதுக்கா ஃப்ளைட் ஏறி வந்தேன்?" என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார் அந்தப் பெரிய மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர் கமலக்கண்ணன் சாப்பிட வந்திருந்தார். நானும் பரிமாற உதவிக்கொண்டிருந்தேன். புருஷோத்தமன் பிரான்ஸ் ஆஸ்பத்திரிப் பெருமையை எடுத்துவிட்டார். மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே அக்கா கேட்டாள்.

"அங்க இன்சூரன்ஸ் கார்டைக் காட்டுனா ஒடனே உள்ள விட்ருவாங்களா?"

"எப்படி விடுவான்? வரிசைதான். போன தடவ பல்வலிக்குக் காலையில போனவன், சாயங்காலந்தான் டாக்டரப் பாத்தேன்."

"கும்பலோடயா?"

கமலக்கண்ணனுக்குச் சிரித்ததில் புரையேறிவிட்டது. "மச்சான், நீயும் தர்மாஸ்பத்திரி கேஸுதானா?"

அப்போதுதான் எனக்கு அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பாரிஸில் இவர் வரிசையில் நிற்பதை உப்பளத்தில் யாரும் பார்ப்பதில்லை. இவருடைய கௌரவம் மொத்தமும் அவ்வளவுதான். அதற்காகத்தான் அக்காவின் உயிரைக் காத்திருக்க வைத்திருந்தார்.

மறுநாள் காலை அக்காவும் நானும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் பொறுமையாக விளக்கினார். புருஷன் சம்மதம் வேண்டுமா என்று அக்கா கேட்டதற்கு, "ஒடம்பு உன்னோடதுதானம்மா?" என்றார். அக்கா காப்பர்-டி போட்டுக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம்.

வாசலிலேயே புருஷோத்தமன் நின்றிருந்தார். வலித்ததா என்று கேட்கவில்லை.

"யாராவது பாத்தாங்களா?"

"பாத்தாங்க. உங்க தங்கச்சி சரிதா. எனக்கு முன்னாடி அவதான் வரிசையில நின்னா."

சொல்லிவிட்டு அக்கா குழந்தையைத் தூக்கப் போனாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விசா வரட்டும் என்று காக்க வைக்கப்பட்டிருக்கும் பெண் உங்கள் தெருவிலும் இருப்பாள். இந்தக் கதையை அவளிடம் சொல்லுங்கள். அவளுடைய புருஷன் காதில் விழுந்தாலும் பரவாயில்லை.