பதினைந்து பெருக்கல் குறி

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்த்த இடத்தில் ‘மறுபடி’ என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நான்கு வருஷம், மற்றவர்கள் ஏறி இறங்கும் பெட்டிகளைப் பழுது பார்த்தார். ஒரு போல்ட்டை இறுக்கியதும் கூட இருப்பவரிடம் “மறுபடி பாரு” என்பார். பார்த்தாயிற்று என்றால் “மறுபடி” என்பார். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவர்களாவது சம்பளம் வாங்கிக்கொண்டு அதைக் கேட்டார்கள். நான் சும்மா கேட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு நான் படியிறங்கி வந்தால், அவர் திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நான் கேஸை அணைத்தால் பின்னாலேயே போய்த் திருகிப் பார்ப்பார். நான் தையல் வேலை செய்கிறவள். இந்தத் தெருவில் பாதிப் பேர் உடம்பில் இருக்கும் துணி என் கத்தரியில் வெட்டியது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு பூட்டைப் பூட்டத் தெரியாதா? இதற்காக நாங்கள் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. “உன்னை நம்பாம இல்லம்மா. பூட்டைத்தான் நம்பல” என்பார். அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு ஒருநாளும் கோபம் இறங்கியதில்லை.

ஓய்வு பெற்று இரண்டு மாதம் சும்மா இருந்தார். மூன்றாவது மாதம், நான் தரையில் மண்டியிட்டுத் துணி வெட்டிவிட்டு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்ததைப் பார்த்துவிட்டார்.

“உனக்கு ஒரு மேஜை பண்ணித் தரேன். நின்னுக்கிட்டே வெட்டு” என்றார்.

“கடையில வாங்கினா ஆகாதா?”

அது அவர் காதில் விழவே இல்லை. மேஜைக்குப் பலகை இழைக்க வேண்டும். இழைக்க மெஷின் வேண்டும். மூடிப்போன ஒரு மரப்பட்டறையில் பழைய மெஷின்களைக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பட்டறைக்காரர் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்த ஒன்றைக் காட்டினார். இவர் ஸ்க்ரூடிரைவர் நுனியை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு உருளையைக் கையால் சுற்றினார். பிறகு பெயிண்ட்டை நகத்தால் சுரண்டினார். இரும்புத் தளத்தில் ஒரு வெடிப்பு, ஒட்டுப்போட்டு மறைத்திருந்தது. பட்டறைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்த ஒன்றை. தொட்டால் கை சிவக்கும் அளவுக்குத் துரு. நீளமான இரும்புப் பட்டையைத் தளத்தின் குறுக்கே வைத்து, மேடுபள்ளம் கண்டுபிடிக்க அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். என்னைக் கட்டிக்கொள்ளும் முன்பு கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

“இதுக்கு வெறும் அழுக்குதான். நோய் இல்ல” என்றார்.

அந்த அழுக்கைப் போக்க மூன்று மாதம் ஆயிற்று. வீட்டின் பின்னறையில் பாதி என் தையல் மெஷின், பாதி அவருடைய இழைப்பு மெஷின். மண்ணெண்ணெய் வாசனை என் துணியிலெல்லாம் ஏறியது. எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல் நுனிகள் வழுவழுவென்று ஆகிவிட்டன. பேரிங் இரண்டும் மாற்றினார், பெல்ட் மாற்றினார். தளத்தில் முகம் தெரிந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இது மேல டம்ளர் மட்டும் வெச்சுடாதே. ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் துரு திரும்ப வந்துரும்.”

“நான் ஏன் வைக்கப் போறேன்?” என்றேன். வைத்தேன். அதுதான் கதை.

மெஷினை முதன்முதலாக ஓட்டவேண்டிய நாள். அதன் நடுவே ஓர் உருளை இருக்கிறது. அதில் மூன்று பிளேடு. ஒவ்வொன்றையும் ஐந்து போல்ட் பிடித்திருக்கும். ஸ்விட்சைப் போட்டால் உருளை நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றும். “ஒரு பிளேடு கழண்டா அது போற எடத்துல யாரும் இருக்கக் கூடாது” என்று அவரே சொல்லியிருந்தார். இயக்குகிறவர் நிற்பதோ அந்த இடத்தில்தான்.

அதனால் போல்ட்டை இரண்டு முறை இறுக்குவார். முதல் சுற்றில் மெதுவாக, பிளேடு நிற்கும் அளவுக்கு. இறுக்கியதும் போல்ட் மேல் ஒரு கோடு. பிளேடின் உயரத்தைச் சரிபார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றில் முழுப் பலத்தோடு. அப்போது அந்தக் கோட்டின் மேல் இன்னொரு கோடு. பெருக்கல் குறி விழுந்துவிட்டால் அந்த போல்ட் முடிந்தது என்று அர்த்தம். லிஃப்ட்டில் பெயிண்ட்டால் போடுவாராம். இங்கே நான் துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் சுற்று நடக்கும்போது போன் அடித்தது. அவருடைய பழைய ஆபீஸ். எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். புது மெக்கானிக்குக் கைகால் ஓடவில்லை. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். ஒரு வேலை முடிந்தால் அப்படித்தான் நிமிர்வார். போனோடு வாசலுக்குப் போய்விட்டார்.

நான் டீ போட்டு வந்தேன். அவர் இன்னும் வாசலில் “பிரேக்கை விடாதே, மறுபடி பாரு” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது? ஒரு நிமிஷம் என்று தளத்தின் ஓரத்தில் வைத்தேன். நூல்கண்டை எடுக்கத் திரும்பியபோது முழங்கை இடித்தது.

டீ முழுக்க உருளை மேல் ஓடியது. மூன்று மாத உழைப்பு கண் முன்னால் நின்றது. கையில் கிடைத்த துணியால் உருளையைத் திருப்பித் திருப்பித் துடைத்தேன். காய்ந்த துணியால் மறுபடி துடைத்தேன். அதன் பிறகுதான் பார்த்தேன், சாக்பீஸ் குறி ஒன்று கூட மிச்சமில்லை.

சொல்லியிருக்கலாம். “டீ கொட்டிடுச்சு” என்று இரண்டே வார்த்தை. ஆனால் ஒரு டம்ளரைக் கூட வைக்கத் தெரியாதவள் என்று ஆகிவிடும். இனி கேஸ், பூட்டு, குழாய் எல்லாவற்றிலும் அவர் பக்கம்தான் நியாயம். வீம்பு யாரை விட்டது? அவர் முடித்துவிட்டுத்தானே நிமிர்ந்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாக்பீஸை எடுத்தேன். பதினைந்து போல்ட்டிலும் பெருக்கல் குறி போட்டேன். குறி போடுவது என் தொழில். அவர் கையெழுத்துப் போலவே விழுந்தது.

அவர் முகமெல்லாம் மலர்ச்சியோடு வந்தார். லிஃப்ட்டில் மாட்டியவர்கள் வெளியே வந்துவிட்டார்களாம். குனிந்து உருளையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ கூடவே இருந்தேல்ல. பதினஞ்சும் முடிச்சிட்டுத்தானே போனேன்?”

“முடிச்சிட்டீங்க” என்றேன்.

“சரி” என்றார்.

அவ்வளவுதான். ஸ்பேனரை எடுக்கவில்லை. ‘மறுபடி’ என்று சொல்லவில்லை. கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

உருளையின் மேல் பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட்டு, ஒரு பலகையை எடுத்தபடியே பேசிக்கொண்டிருந்தார். “போன் வந்தப்ப மூணாவது பிளேடு அப்படியே இருந்துச்சுன்னு ஒரு நெனப்பு. வயசாகுதுல்ல, எது நேத்து எது இன்னிக்குன்னே தெரியல. நல்லவேளை நீ இருந்தே.”

அவர் நினைப்பு தப்பாக இருக்கலாம். சரியாகவும் இருக்கலாம். அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டார்.

“நீ அந்தத் தூணுக்குப் பின்னாடி போய் நில்லு” என்றார். என்னைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டு அவர் பிளேடுக்கு நேரே நின்றார். பலகையைத் தளத்தில் வைத்தார். கை ஸ்விட்சுக்குப் போனது.

நான் தூணுக்குப் பின்னால் போகவில்லை. நடைக்கு ஓடி, சுவரில் இருந்த மெயின் ஸ்விட்சை இழுத்து அணைத்தேன். பின்னறையில் ஸ்விட்ச் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. மெஷின் ஓடவில்லை.

“கரண்ட் போச்சா?” என்று குரல் வந்தது. பக்கத்து வீட்டு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. “அங்க இருக்கே” என்று சொல்லிக்கொண்டே நடைக்கு வந்தார். மெயினை மறைத்துக்கொண்டு நான் நின்றேன். என் கை இன்னும் மெயின் மேலேயே இருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“அந்தக் குறியெல்லாம் நான் போட்டது” என்றேன். “டீ கொட்டிடுச்சு. துடைச்சப்ப உங்க குறி அழிஞ்சுடுச்சு. நானே போட்டுட்டேன். நீங்க முடிச்சீங்களான்னு எனக்குத் தெரியாது.”

அவர் திரும்பினார். பின்னறைக்குப் போனார். நானும் போனேன். மூடியை எடுத்துவிட்டு, முதல் பிளேடில் ஸ்பேனரை வைத்தார். ஐந்தும் அசையவில்லை. இரண்டாவதிலும் ஐந்தும் அசையவில்லை. மூன்றாவதில் முதல் போல்ட் கால் சுற்று போயிற்று. அடுத்ததும் போயிற்று. கடைசி இரண்டுக்கும் ஸ்பேனரே தேவைப்படவில்லை; விரலால் திருப்பினார், திரும்பின. நான் போட்ட குறி அழகாக அவற்றின் மேல் இருந்தது.

அவர் என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலாம் என்று இருந்தது. அவர் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். பிளேடு வந்திருந்தால் அங்கேதான் வந்திருக்கும். நான் அழுதேன்.

“தப்பு என்னோடது” என்றார். “மறுபடி பாத்திருக்கணும். நீ சொன்னியேன்னு விட்டேன்.”

அதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து எல்லாக் குறியையும் அழித்துவிட்டு, பதினைந்தையும் முதலிலிருந்து இறுக்கினார். நான் ஊசியைத் தொடவில்லை. ஒவ்வொரு போல்ட்டாக எண்ணினேன். கடைசிக் குறி போட்டதும் நிமிர்ந்து, பழக்கதோஷத்தில் கேட்டார்.

“முடிஞ்சுதுல்ல?”

பதினைந்தையும் என் கண்ணால் பார்த்திருந்தேன். இந்தத் தடவை சத்தியம் கூடச் செய்யலாம்.

“மறுபடி பாருங்க” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

மேஜைப் பலகை அன்றே இழைத்தாயிற்று. சாயங்காலம் இரண்டு பேரும் மளிகைக் கடைக்குக் கிளம்பினோம். நான் வீட்டைப் பூட்டினேன், படியிறங்கி வந்தேன். அவர் திரும்பி ஏறவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நாலு எட்டு நடந்தேன். பிறகு திரும்பிப் போய், படியேறி, பூட்டை இழுத்துப் பார்த்தேன்.